அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைக்கக்கூடாதா?

மணிப்புறா (தெம்பனிஸ், சிங்கப்பூர்), வெள்ளி இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா போய் 11 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து ஓர் அமாவாசைகூட காகத்துக்கு வைக்காமல் அம்மா வாயில் பருக்கை போட்டதில்லை. காலையில் குளித்து, வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்து, சோற்றோடு பருப்பும் நெய்யும் பிசைந்து, எள் தூவி, ஒரு துண்டு வாழையிலையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கும் கார் நிறுத்தும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு புல்தரை உண்டு. அங்கே வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவார்கள். காகம் வந்து முதல் வாய் எடுத்த பிறகுதான் மேலே வந்து எங்களுக்கு இலை போடுவார்கள்.

போன அமாவாசையன்று யாரோ புகார் செய்திருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பறவைகளுக்கு உணவு வைப்பது குற்றம், இந்த முறை எச்சரிக்கை மட்டும் என்று சொல்லிவிட்டு அம்மாவின் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே வந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "உன் அப்பாவுக்குச் சோறு போட்டேன், என் எண்ணை எழுதிக்கொண்டு போகிறார்கள்" என்றார்கள். அன்று அவர்கள் சாப்பிடவே இல்லை.

இந்த ஊரில் இதை எப்படிச் செய்வது? சட்டத்தை மீறச் சொல்லி யாரும் எழுதவேண்டாம். அம்மாவிடம் "இனி வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

---

இரவுநடை (தெம்பனிஸ்), வெள்ளி இரவு 10.15

அக்கா, நானும் தெம்பனிஸ்தான். பத்து ஆண்டுகளாக இரவில் புளோக் பூனைகளுக்கு உணவு வைக்கிறேன். அதனால் இந்தச் சட்டங்கள் ஓரளவு பழக்கம்.

2020 ஜூன் மாதத்திலிருந்து காட்டுயிர்ச் சட்டத்தின் கீழ் இது நாடு முழுவதும் குற்றம். காகம், மைனா, குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் அதில் வரும். புறாவும் வரும். முதல் முறைக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. அம்மாவுக்கு எச்சரிக்கையோடு போனது நல்லதுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பது நம் ஊர் வீட்டுக் காகமேதான். ஆனால் அது இந்த மண்ணின் பறவை இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்ட காகங்களின் வழிவந்தவை தீபகற்பம் நெடுகப் பரவின. தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர்களேதான் காகத்தையும் கொண்டுவந்தார்கள். ஆட்கள் குடியுரிமை பெற்றுவிட்டார்கள், காகத்துக்கு அது கிடைக்கவில்லை. முன்பு துப்பாக்கியால் சுட்டுக் குறைத்தார்கள். இப்போது கூடுகளைக் கலைக்கிறார்கள், கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பீஷானில் காகங்கள் நடந்துபோனவர்களின் தலையில் கொத்தியது செய்தியாக வந்தது நினைவிருக்கலாம். குஞ்சு பறக்கப் பழகும் நாட்களில் அவை அப்படித்தான் இருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கைப்பிடிச் சோற்றால் ஒன்றும் ஆகாது என்று நமக்குத் தோன்றும். ஓரிடத்தில் சோறு கிடைக்கும் என்று காகம் கற்றுக்கொண்டால் அங்கே கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் புகார் வரும். புகார் வந்தால் கூண்டு வரும். நாம் அப்பா என்று நினைத்துச் சோறு வைத்த அதே காகம் அந்தக் கூண்டில் போகும். அம்மாவிடம் அபராதத்தைச் சொல்லாதீர்கள், இதைச் சொல்லுங்கள்.

---

சைவநெறி (உட்லண்ட்ஸ்), வெள்ளி இரவு 11.02

சகோதரி, வருந்தவேண்டாம். காகம் கிடைக்காத இடத்தில் படையலைப் பசுவுக்குக் கொடுக்கலாம். பசுவும் இல்லையென்றால் வீட்டிலேயே நீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். பெரியவர்கள் இடத்துக்கேற்ற வழி வைத்துத்தான் போயிருக்கிறார்கள்.

எனக்கு வேறொரு வருத்தம் உண்டு. மாதத்தில் ஒரு நாள் காகத்துக்கு வைத்துவிட்டு, மறுநாள் ஈரச்சந்தையில் வரிசையில் நின்று ஆட்டுத்தொடை வாங்குகிறோம். உயிர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு அங்கேதான் கெட்டுப்போகிறது. தின்பதற்காக உலகத்தார் கொல்லாமல் இருந்தால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். கொன்றவன் வேறு, வாங்கியவன் நான், எனக்குப் பாவமில்லை என்ற வாதத்தை அவர் அன்றைக்கே முடித்துவைத்துவிட்டார். கோயில் பெயரைச் சொல்லி ஆடு வெட்டுவது அதைவிடப் பெரிய கொடுமை.

---

பழையசிராங்கூன் (வாம்போ), சனி காலை 6.20

பிள்ளைகளே, நான் சீக்கிரம் எழுபவன். இரவு நீங்கள் எழுதியதை எல்லாம் இப்போதுதான் வாசித்தேன்.

பசுவுக்குக் கொடுக்கலாம் என்று உட்லண்ட்ஸ் தம்பி எழுதியதைப் பார்த்ததும் சிறு வயது நினைவு வந்துவிட்டது. இன்றைக்கு லிட்டில் இந்தியா என்று சுற்றுப்பயணிகள் வரும் இடம் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில். எருமைச் சாலை என்று ஆங்கிலத்தில் ஒரு தெரு, அதற்குப் பக்கத்திலேயே எருமை என்று மலாயில் கெர்பாவ் சாலை. நம் பெண்கள் பிள்ளை பெற்ற கேகே மருத்துவமனையின் பெயரே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாடுகளுக்குத் தோதான இடம். பெலிலியோஸ் என்ற கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் மாட்டு வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார், அவர் பெயரிலும் ஒரு சாலை இருக்கிறது. மாட்டைச் சுற்றித்தான் தமிழர்களுக்கு அங்கே வேலை. மேய்க்க, கறக்க, வண்டி ஓட்ட, செக்கு ஓட்ட. சைனாடவுன் பக்கம் கிரேத்தா ஆயர் என்றால் தண்ணீர் வண்டி என்று பொருள். குழாய் வருவதற்கு முன் இந்த ஊருக்குத் தண்ணீரை இழுத்தது மாடு.

என் பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து பால்காரராக இருந்தவர். நான் பிறந்தபோது எங்களிடம் மாடு இல்லை. ஆனால் எங்கள் சந்தின் கடைசியில் ஒருவர் மூன்று மாடு வைத்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூச எங்களைக் கூப்பிடுவார். அந்த மாடு உதைக்கும், சாணம் போடும், ஒருமுறை என் தங்கையின் காலை மிதித்து நகம் பெயர்ந்தது. யாரும் அதைத் தெய்வம் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. மிதித்த பிறகும் அதற்குத்தான் முதலில் பொங்கல் ஊட்டினோம்.

இன்றைக்கும் பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுக்கு மாடு வருகிறது, லிம் சூ காங் பால் பண்ணையிலிருந்து லாரியில் கொண்டுவருகிறார்கள். வேலிக்கு வெளியே குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். என் பேரன் தொடப் போனான். மாட்டின் மூச்சு கையில் பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். "தாத்தா, சூடாக இருக்கிறது" என்றான். ஏழு வயதில் முதன்முதலாக ஒரு மாட்டின் மூச்சுச் சூடு தெரிகிறது அவனுக்கு. நான் அதை ஏற்பாடு செய்பவர்களை வாழ்த்துகிறேன். அவர்கள் கொண்டுவராவிட்டால் அதுவும் இல்லை.

மணிப்புறா அம்மா, உங்கள் தாயாருக்குக் காகம் ஒன்றுதான் மிச்சம். மாடு போய்விட்டது, கோழி போய்விட்டது, அரிசிமாவுக் கோலத்துக்கு எறும்பு வந்தால்கூடப் பத்தாவது மாடியில் மருந்து அடிக்கிறோம். அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலிக்கிறது.

---

மணிப்புறா, சனி காலை 7.05

ஐயா, கடைசிப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ஐயா எந்த ஊர்க்காரர்?" என்று மட்டும் கேட்டார்கள். நாகப்பட்டினம் என்றதும் தலையசைத்துக்கொண்டார்கள்.

---

கரிசல்காட்டான் (துவாஸ்), சனி மாலை 5.48

வணக்கம். நான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், ஊர் விருதுநகர்ப் பக்கம். இங்கே எழுதுபவர்களில் பலர் படித்தவர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சைவநெறி ஐயா கோயிலில் ஆடு வெட்டுவது கொடுமை என்று எழுதியிருக்கிறார். எங்கள் குலசாமி கருப்பசாமி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையிடத்தில் என் கால் முறிந்தது. ஊரில் அம்மா கருப்பனுக்குக் கிடா நேர்ந்துவிட்டார். குட்டியாக வாங்கி, செவலை என்று பெயர் வைத்து, 14 மாதம் வளர்த்தார். கட்டிப்போடவில்லை. நேர்ந்துவிட்ட கிடாவை ஊரில் யாரும் அடிக்கமாட்டார்கள். அது வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையில் வாய் வைத்தால்கூட அம்மா விரட்டமாட்டார். வாரம் ஒருமுறை நான் பேசும்போது, கைபேசியைச் செவலை பக்கம் திருப்பிக் காட்டுவார். நான் கூப்பிட்டால் காதை ஆட்டும்.

பொங்கல் வைத்த அன்று என்னால் போக முடியவில்லை. தம்பி கைபேசியில் காட்டினான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், மாலை போட்டு நிறுத்திய கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதற வேண்டும். உதறினால்தான் சாமி உத்தரவு. உதறாதவரை யாரும் அரிவாளைத் தொடக்கூடாது. செவலை உதறவில்லை. மூன்று முறை தெளித்தார்கள். சும்மா நின்றது. கூட்டம் மொத்தமும் பேசாமல் நின்றது. சாமியாடி இறங்கி வந்து அம்மாவிடம் "மனசில் என்ன குறை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். அம்மா அழுதார். "இதை என் பிள்ளை போல வளர்த்துவிட்டேன், கொடுக்க மனம் வரவில்லை, என் பிள்ளை காலுக்காகக் கொடுக்கிறேன்" என்று சொல்லிக் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு தெளித்தபோது உதறியது. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அன்று இரவு விடுதிக்கு வந்த சோற்றுப் பொட்டலத்தில் கோழி இருந்தது. அந்தக் கோழி எங்கே வளர்ந்தது, வெளிச்சத்தைப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பெயர் வைத்தவர் யார்? அதன் மேல் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்டவர் யார்? என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் சாப்பிட்டேன், வேலைக்குப் போகவேண்டுமே.

ஐயா, எங்கள் பலியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் கொடுமை என்கிறீர்கள். 2003-இல் தமிழக அரசு 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவைத்துக் கோயில்களில் பலிக்குத் தடை போட்டது. நான் அப்போது பள்ளியில் படித்தேன். எங்கள் ஊரில் கிடாக்களைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய், உத்தரவு கேட்காமல் அவசரமாக வெட்டினார்கள். கறிக்கடையில் எப்போதும்போல வெட்டு நடந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. மறு ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். கொல்வதைத் தடுக்கவேண்டும் என்றால் எல்லா இடத்திலும் தடுக்கட்டும், நான் எதிர்க்கமாட்டேன். எங்கள் சாமி முன்னால் மட்டும் ஏன்?

---

சைவநெறி, சனி இரவு 8.30

தம்பி, உங்கள் தாயாரின் கண்ணீரைப் படித்து நானும் கலங்கினேன். ஆனால் அந்தக் கண்ணீர் என் பக்கம்தான் பேசுகிறது. அவர் மனம் கொடுக்கவேண்டாம் என்றது. ஆடும் நின்று பார்த்தது. அங்கேயே அதை அவிழ்த்துவிட்டிருந்தால் கருப்பன் கோபித்திருப்பானா? உதறியதை உத்தரவு என்கிறீர்கள். ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறும்.

அன்பே சிவம் என்று நம்புகிறவன் நான். அன்பு வைத்த உயிரைக் கொன்று காட்டுவதை அன்பின் உச்சம் என்று என்னால் ஏற்க முடியாது.

---

கரிசல்காட்டான், சனி இரவு 9.15

ஐயா, கண்ணப்ப நாயனார் காளத்தியப்பருக்குப் படைத்தது பன்றி இறைச்சி. வாயில் போட்டுச் சுவை பார்த்து, நல்ல துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தார். அதைச் சிவன் ஏற்றுக்கொண்டார் என்றுதான் உங்கள் பெரியபுராணம் சொல்கிறது. முருகனுக்கு ஆட்டுக்குட்டி கொடுத்து வெறியாடியது சங்கப் பாட்டில் இருக்கிறது என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். இது வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை.

அவிழ்த்துவிட்டிருக்கலாம் என்று நீங்கள் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. கைபேசியைக் கவிழ்த்தபோது அதுதான் மனதில் இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

நிலாப்பிறை (ஈசூன்), ஞாயிறு காலை 10.40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கரிசல்காட்டான் தம்பியின் பதிவைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை.

எங்களிடம் குர்பானி உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளில் இங்கே பள்ளிவாசல்களில் அறுக்கப்படும் ஆடுகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை. முன்பதிவு செய்து, பணம் கட்டி, எண் வாங்கி, வரிசையில் நின்று பொதியை வாங்கி வருகிறோம். பலர் இப்போது வெளிநாட்டிலேயே கொடுக்கச் சொல்லிப் பணத்தை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்பது குர்ஆன் வசனம். என் அத்தா காயல்பட்டினத்தில் வளர்ந்தவர். பெருநாளுக்குப் பல நாட்களுக்கு முன்பே ஆட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். குழந்தைகள் இலை பறித்துக் கொடுத்து அதோடு பழகிவிடுவார்களாம். "அழாமல் குர்பானி கொடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் இல்லை" என்பார். நான் இங்கே பிறந்தவள். நான் அழுததே இல்லை. என் கைக்கு வந்தது எப்போதும் பொதிதான். இதை ஒரு குறையாகத்தான் உணர்கிறேன்.

எங்கள் மார்க்கத்தில் அறுப்பதற்கு முறை உண்டு. கத்தி கூராக இருக்க வேண்டும். பிராணியின் கண் முன்னால் கத்தியைத் தீட்டக்கூடாது. ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக்கூடாது. இவை வெறும் சடங்கு இல்லை, அந்த உயிருக்கும் அச்சம் உண்டு என்று ஒப்புக்கொள்வது. ஆலையில் ஒரு நாளில் பல்லாயிரம் கோழிகள் போகும் இடத்தில் இதை எந்த அளவுக்குக் காக்க முடியும் என்று ஹலால் முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். சைவநெறி அண்ணனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தம்பிக்கும் முடியவில்லை.

பூனையைப் பற்றி இரவுநடை எழுதியிருந்தார். தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை கால் முகம் கழுவ, வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அபூ கதாதா என்ற நபித்தோழர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் வியந்தபோது, பூனை அசுத்தமானது அல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபிகள் சொன்னதை எடுத்துச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த ஹதீஸ் இது. சாய்த்துக் கொடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நாய் விஷயம் வேறு. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட மரபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், ஒரு முறை மண் கலந்து. எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தில் ஒரு பழுப்பு நாய் இருக்கிறது. மின்தூக்கியில் நான் ஒதுங்கி நிற்பதை நாய் வெறுப்பு என்று அந்த ஆன்ட்டி நினைத்திருந்தார். ஒருநாள் சொன்னேன், ஆன்ட்டி, எனக்கு நாயைப் பிடிக்கும், எச்சில் பட்டால் கழுவும் முறை நீளமானது, பள்ளிக்குப் போகும் அவசரத்தில் முடியாது என்று. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதருக்குப் பாவ மன்னிப்புக் கிடைத்த கதையையும் சொன்னேன். அதிலிருந்து அவர் நாயின் வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நிற்கிறார். நான் நாயின் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொல்கிறேன்.

---

இரவுநடை, ஞாயிறு பிற்பகல் 2.10

நிலாப்பிறை அக்கா, "சாய்த்துக் கொடுத்தார்" என்பதை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

நல்ல மனதோடு செய்வது விலங்குக்கு நல்லதாக முடியவேண்டும் என்று கட்டாயமில்லை. பௌத்தர்களின் விசாக தினத்துக்கு முன்னும் பின்னும் நீர்த்தேக்கங்களில் ஆமை, மீன், பறவைகளை வாங்கி வந்து விடுதலை செய்கிறார்கள். புண்ணியம் என்று நம்பித்தான் செய்கிறார்கள். கடையில் வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. செங்காது ஆமையை விட்டால், ஒன்று அது சாகும், அல்லது இங்கேயே வாழும் உயிர்களின் இரையைத் தின்று பெருகும். தேசியப் பூங்காக் கழகத் தொண்டூழியர்கள் அந்த நாட்களில் சுற்றிவந்து, விடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பௌத்தச் சங்கங்களும் எடுத்துச் சொல்கின்றன. மெக்ரிச்சியில் ஒரு வயதான மாது வாளியில் மீன்களோடு நின்றதைப் பார்த்தேன். தொண்டூழியப் பெண் அவரிடம் அரை மணி நேரம் ஹொக்கியன் என்ற சீன மொழியில் பேசினார். கடைசியில் அந்த மாது வாளியோடு திரும்பிப் போனார். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மணிப்புறா அக்கா தன் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது அந்த முகம்தான் வந்தது.

நம்மவர்களும் சனிக்கிழமையில் ஆஞ்சநேயரை நினைத்துப் புக்கிட் தீமா பக்கம் குரங்குக்குப் பழம் போட்ட காலம் உண்டு. மனிதன் கையைப் பார்த்தால் பறிக்கலாம் என்று அந்தக் குரங்கு கற்றுக்கொள்கிறது. பிறகு அதைத் தொல்லைக் குரங்கு என்கிறோம்.

---

கால்நடைச்செவிலி (செங்காங்), ஞாயிறு இரவு 9.00

நான் விலங்கு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். இரவுநடை சொல்வது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும், அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். பல ஆண்டுகள் மறைத்து வளர்த்தவர்கள் இப்போது தயங்காமல் கொண்டுவருகிறார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் சன்னலுக்கு வலை போடாத வீடுகளிலிருந்து, மாடியிலிருந்து விழுந்த பூனைகள் இன்னும் வருகின்றன. பூனைக்கு எதுவும் ஆகாது, காலில்தான் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே உடைந்த தாடையோடு தூக்கி வருவார்கள். வலை போடுங்கள். சாமி படத்துக்கு மாலை வாங்கும் கவனத்தோடு அதைச் செய்யுங்கள்.

---

சைவநெறி, ஞாயிறு இரவு 9.50

செவிலி அவர்களிடம் ஒரு கேள்வி. இதை இங்கே கேட்பதா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

என் மகளுக்கு 12 வயது. ஒரு பூனை வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்கிறாள். காப்பகத்திலிருந்து எடுக்கலாம் என்று நானும் மனம் இறங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டைகூட வந்ததில்லை. பூனையைச் சைவமாக வளர்க்க முடியுமா? தயிர்ச்சோறு, பருப்புச் சோறு கொடுத்தால் போதுமா?

---

கால்நடைச்செவிலி, ஞாயிறு இரவு 10.25

போதாது ஐயா. நாய் ஓரளவு சமாளிக்கும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்து வந்தாக வேண்டும், இயற்கையாக அது இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு இருக்கிறது. இல்லாவிட்டால் கண் பார்வை போகும், இதயம் பெருத்துவிடும். நான் அப்படி ஒரு பூனையைப் பார்த்திருக்கிறேன். நல்ல, பக்தியான குடும்பம். தங்கள் தட்டில் இருப்பதையே அன்போடு கொடுத்தார்கள். அது சுவரில் முட்டிக்கொண்டு நடந்தது.

இறைச்சி வாங்க மனம் ஒப்பாது என்றால் பூனை எடுக்கவேண்டாம். முயல் எடுங்கள், அது புல் தின்னும். இதில் தவறே இல்லை.

---

சைவநெறி, திங்கள் காலை 6.45

நேற்று இரவு இதை மகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்பா, பூனை மீன் தின்றால் அதற்குப் பாவமா?" இல்லை, அதன் இயல்பு அது என்றேன். "அப்படியென்றால் நாம் வாங்கிக் கொடுத்தால் நமக்குப் பாவமா?" என்றாள். விலைக்கு வாங்குபவனைப் பற்றி வெள்ளிக்கிழமை நானே இங்கே எழுதியது நினைவுக்கு வந்தது. பதில் சொல்லாமல் எழுந்துவிட்டேன்.

கரிசல்காட்டான் தம்பி, ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறும் என்று எழுதியதற்கு வருந்துகிறேன். பலி வேண்டாம் என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் தாயாரிடம் நேரில் அதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

---

கரிசல்காட்டான், திங்கள் இரவு 9.30

பரவாயில்லை ஐயா. அம்மா இந்த ஆண்டு குட்டி வாங்கவில்லை. கேட்டால் முட்டிவலி என்கிறார்.

---

பழையசிராங்கூன், செவ்வாய் காலை 6.10

உட்லண்ட்ஸ் தம்பி, என் மனைவி சுத்த சைவம், நான் மீன் தின்பவன். 51 ஆண்டுகளாக ஒரே அடுக்களையில் இரண்டு சட்டி. வீட்டுக்கு ஓர் உயிர் வந்தால் சட்டி ஒன்று கூடும். உங்கள் மகளோடு நன்றாகப் பேசி முடிவெடுங்கள்.

---

மணிப்புறா, மூன்று வாரங்கள் கழித்து, வியாழன் இரவு 8.20

நேற்று அமாவாசை. எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அபராதத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. கூண்டைப் பற்றி இரவுநடை எழுதியதை மட்டும் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். "பிடித்துக்கொண்டு போய் என்ன செய்வார்கள்?" என்றார்கள். சொன்னேன்.

நேற்று இலையை அப்பா படத்துக்கு முன்னால், அடுக்களைச் சன்னலின் உட்பக்கத் திண்டில் வைத்தார்கள். சன்னலைத் திறந்து வைக்கவில்லை. வெளியே தூங்குமூஞ்சி மரத்தில் காகம் கத்தும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஆன பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்கள், ஆனால் சாப்பிட்டார்கள். இலைச் சோற்றை நீரில் கரைத்துத் தாழ்வாரத்துத் துளசிக்கு ஊற்றினார்கள். சைவநெறி அண்ணனுக்கு நன்றி.

இன்னொன்று. இரவுநடை தம்பி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் வட்டாரத்தில், காது நுனி வெட்டிய, ஒற்றைக் கண் பூனை ஒன்று இருக்கிறது. கருத்தடை செய்த அடையாளமாம் அந்தக் காது. வயதாகிவிட்டது, தினமும் மாத்திரை கொடுக்கவேண்டும், பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போகிறார், உங்கள் அம்மாவால் முடியுமா என்று கேட்டிருந்தார். நான் சும்மா அம்மாவிடம் சொல்லிவைத்தேன். இன்று மாலை அவர்களே கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அது சிமென்ட் பெஞ்சின் அடியில் படுத்திருந்ததாம். கிட்டே போனபோது ஓடவில்லையாம்.

செவிலி அவர்களே, அம்மா கேட்கச் சொன்னார்கள்: அதற்குத் தயிர்ச்சோறு ஒத்துக்கொள்ளுமா?

---

கால்நடைச்செவிலி, வியாழன் இரவு 8.55

ஒத்துக்கொள்ளாது அக்கா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் தயிரும் வயிற்றைக் கலக்கும். டப்பா உணவு போதும், அல்லது உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, அதை அம்மா ஏற்கெனவே அமாவாசைச் சமையலில் சேர்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள், பூனைக்கும் அதே முறை என்று சொல்லுங்கள், நினைவிருக்கும்.

விரத நாளில் வீட்டுக்குள் இறைச்சி வேண்டாம் என்றால் உலர் உணவைக் கீழே பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். தின்று முடிந்ததும் தட்டை எடுத்து இடத்தைத் துடைத்துவிட வேண்டும், புகார் வராது. மாத்திரையை உணவில் பொதிந்து கொடுக்கவேண்டும். எவ்வளவு, எத்தனை வேளை என்பதை இதுவரை பார்த்துக்கொண்டவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அம்மாவும் கூடவே இருந்து பழகட்டும். கண் இல்லாத பக்கத்திலிருந்து தொடவேண்டாம், பயந்துவிடும்.